ஐநூற்றுக்கு மேல் ஒரு கை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் அதிகம் படித்தது மாவுப் பாக்கெட்டின் பின்பக்கத்தைத்தான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூசுகிறவள் நான். ரேஷன் கடை வரிசையில் யாராவது எனக்கு முன்னால் புகுந்தால்கூட ஒன்றும் சொல்லாமல் ஒதுங்கிக்கொள்வேன். அப்படிப்பட்டவள் எழுதப் புறப்பட்டது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் தொலைக்காட்சியில் படித்தவர்கள் உட்கார்ந்து அடிக்கடி பேசுகிறார்கள். நம் நாட்டு உணவுப் பொருள்கள் வெளிநாட்டில் ஏன் எடுபடவில்லை, சின்னச் சின்ன நாடுகள் எப்படி நம்மை முந்திக்கொண்டு போகின்றன என்று. துறைமுகம் என்கிறார்கள், வரி என்கிறார்கள், கப்பல் வாடகை என்கிறார்கள். எல்லாம் உண்மையாகத்தான் இருக்கும். எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றே ஒன்று. அது என் கை. சொல்ல வேண்டிய நாளில் சொல்லாமல் இருந்துவிட்டேன். அதனால் இப்போது எழுதுகிறேன்.

வலங்கைமானுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஊர் எல்லையில் ஓடாமல் கிடந்த ஒரு ரைஸ்மில்லை எங்கள் ஊர்க்காரர் ஒருவர் எடுத்து, வெள்ளையடித்து, தரைக்கு டைல்ஸ் போட்டு, ஜன்னலுக்கெல்லாம் கொசுவலை அடித்து, மாவு யூனிட் ஆக்கினார். அவர் நிலக்காரர் வீட்டுப் பிள்ளை. பதினைந்து வருடம் அரபு நாட்டில் ஒரு உணவுக் கிடங்கில் வேலை பார்த்தவர். அங்கே அலமாரி அலமாரியாகப் பிற நாட்டு அரிசி மாவும் சேமியாவும் அடுக்கியிருக்குமாம். நம் ஊர்ப் பெயர் போட்ட பாக்கெட் ஒன்றுகூட அங்கே இல்லையே என்று பார்த்துப் பார்த்து ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வந்தேன் என்று சொல்வார். சிவப்பரிசிப் புட்டு மாவு, இடியாப்ப மாவு, இரண்டே சரக்கு. பதினோரு பெண்கள் வேலைக்கு. எல்லோரும் எங்கள் தெரு.

அவருடைய அப்பாவின் வயலில் என் அம்மாவும் நானும் நட்டிருக்கிறோம், அறுத்திருக்கிறோம். அந்தப் பெரியவர் எங்களைக் கூப்பிட வேண்டுமென்றால் 'ஏ' என்பார், அவ்வளவுதான். மகன் முதல் நாளே என்னை "அக்கா" என்றார். எடை மேசைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டி, "உக்காருங்கக்கா, நின்னுக்கிட்டே வேலை பாத்தா இடுப்பு போயிடும்" என்றார். அவர் போன பிறகும் கொஞ்ச நேரம் நான் உட்காரவில்லை. மற்றவர்கள் சிரித்தார்கள்.

அந்த வேலை எங்களுக்கு எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். நடவுக்கு மிஷின் வந்துவிட்டது. அறுவடைக்கு மிஷின் வந்து எவ்வளவோ வருடம் ஆகிறது. களையெடுக்க மருந்து. வருடத்தில் எத்தனை நாள் எங்களை யாராவது கூப்பிடுவார்கள் என்று விரலை மடக்கினால் இரண்டு கைக்குள் அடங்கிவிடும். யூனிட் இருந்தால் வேலை உண்டு. இல்லாவிட்டால் இல்லை. யூனிட் நிற்பதும் நடப்பதும் வெளிநாட்டு ஆர்டரில் இருந்தது. உள்ளூரில் புட்டு மாவைப் பாக்கெட்டில் வாங்குகிறவர்கள் குறைவு.

அரிசியைக் களைந்து ஊறவைப்பது நாலு பேர். வடித்து அரைப்பது இரண்டு பேர். வறுக்கும் மிஷினில் இரண்டு பேர். சலிப்பது ஒருத்தி. ஆறவைத்த மாவு என் மேசைக்கு வரும். நான் அள்ளிப் பையில் போட்டு, எலக்ட்ரானிக் தராசில் வைத்து, எண் சரியாக வந்ததும் பக்கத்தில் தள்ளுவேன். அடுத்த மேசையில் ஒரு சின்னப் பெண் சீல் போடுவாள். சின்னப் பெண் என்றால் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். புருஷன் குடி. வாயாடி. அவள் இருந்தால் யூனிட்டில் ரேடியோ வேண்டாம்.

பை போக மாவு மட்டும் ஐநூற்று இரண்டு கிராம். அதுதான் முதலாளி எழுதி ஒட்டிய அளவு. தராசு அப்படித்தான் காட்டும். காட்டியதும் பையை எடுப்பேன். எடுத்து அந்தப் பெண்ணிடம் தள்ளுவதற்கு முன் என் இடது கை பாத்திரத்துக்குள் போய் ஒரு சின்னப் பிடி மாவை அள்ளிப் பையில் போட்டுவிடும். முழுப் பிடி இல்லை. நாலு விரலில் நிற்கிற அளவு. யோசித்துச் செய்ததில்லை. செய்யக் கூடாது என்றும் தோன்றியதில்லை. அளந்து கொடுக்கிறவள் அளவோடு நிறுத்துவாளா?

இதைச் சொல்ல வேண்டும் என்றால் களத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குப் பதினாலு பதினைந்து வயதில் அறுவடைக் கூலி நெல்லாகத்தான் கிடைக்கும். களத்தில் மரக்கால் வைத்து அளந்து போடுவார்கள். முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்ல மாட்டார்கள், 'லாபம்' என்பார்கள். அவர்கள் வீட்டுக்குப் போகும் நெல்லை அளக்கும்போது மரக்கால் கோபுரம் மாதிரிக் குவிந்திருக்கும். எங்கள் கூலிக்கு அளக்கும்போது மட்டும் ஒரு குச்சியால் விளிம்போடு வழித்துத் தலைதட்டுவார்கள். தட்டி விழுகிற நெல் அவர்கள் குவியலில் விழும். என் அம்மா முந்தானையை விரித்துக்கொண்டு குனிந்து நிற்பாள். அந்தக் குச்சி வழிக்கிற சத்தம் இருக்கிறதே, சர்க் என்று, அதைக் கேட்டுக்கொண்டு நானும் நிற்பேன். என் கையில் அளவு வந்தால் தலைதட்ட மாட்டேன் என்று அப்போது நினைத்தேனா என்று தெரியவில்லை. நினைத்திருக்க மாட்டேன். பசிதான் நினைவில் இருக்கிறது. ஆனால் பால்வாடியில் கொஞ்ச நாள் சமையலுக்கு நின்றபோதும் சரி, வீட்டில் யாராவது ஒரு டம்ளர் அரிசி கைமாற்றுக் கேட்டு வந்தாலும் சரி, என் கை அளவுக்கு மேல் போய்விடும்.

மலேசியாவுக்குப் போகிற சரக்கை நிரப்பும்போது சீல் போடும் பெண் ஒருநாள் கேட்டாள். "அக்கா, ஒங் கை தாராளமா இருக்கு சரி. மாவு பை வாய் வரைக்கும் வந்து நிக்குது. நான் எங்கேருந்து சீல் போடுறது?"

"இழுத்துப் பிடிச்சுப் போடு. கொறைச்சுப் போட்டான்னு நாளைக்கு யாரும் நம்மளப் பேசக் கூடாது."

"யாரு பேசப் போறா? மலேசியாவுல உக்காந்து ஒங் கைய எண்ணிக்கிட்டா இருக்கான்?"

"நீ போடு."

அவள் துணியால் பையின் வாயைத் துடைத்துத் துடைத்துப் போட்டாள். ஒரு நாளைக்கு எத்தனை பையைத் துடைப்பாள்? சில நேரம் துடைப்பாள். சில நேரம் அப்படியே மிஷினில் விட்டுவிடுவாள்.

மலேசியாவில் எங்கள் சரக்கை வாங்க ஒப்புக்கொண்டவர் கூத்தாநல்லூர்க்காரர். அவருடைய தகப்பனார் காலத்திலேயே அங்கே போய்க் கடை வைத்தவர்கள். முதலாளி அவரை "பாய்" என்பார். எங்களுக்கும் அவர் பாய்தான். முதன்முதலாக யூனிட்டைப் பார்க்க வந்தபோது கையில் ஒரு பை கொண்டுவந்தார். அதிலிருந்து இரண்டு பாக்கெட்டை எடுத்து என் எடை மேசையில் நிறுத்தினார். ஒன்று வியட்நாம் அரிசி மாவு. இன்னொன்று நாங்கள் அனுப்பிய மாதிரிப் பாக்கெட். வியட்நாம் பாக்கெட் சிப்பாய் மாதிரி நின்றது. எங்களுடையது பக்கத்தில் சாய்ந்து, மெல்ல வழுக்கிப் படுத்துவிட்டது.

"பாத்தீங்களா தம்பி? கடைக்கு வர்றவங்க மொதல்ல நிக்கிறதைத்தான் பாப்பாங்க, படுத்துக் கெடக்கிறதைப் பாக்க மாட்டாங்க" என்றார்.

முதலாளிக்கு முகம் சுண்டிவிட்டது. "விலையில எப்படி பாய்?"

"விலையைக் கேக்காதீங்க. நம்மால அவன்கூட நிக்க முடியாது. அவன் பெரிய மில்லு, துறைமுகம் வாசல்ல இருக்கு. ஆனா இதுல புட்டு அவிச்சு வீட்டுல குடுத்தேன். எங்க வீட்டம்மா ஒண்ணும் பேசாம ரெண்டாவது தடவ போட்டுச் சாப்பிட்டாங்க. அந்த ருசிக்கு அங்க ஆளு இருக்கு. அது ஒண்ணுதான் நம்ம கையில. அதைக் காப்பாத்துங்க."

அப்புறம் நிற்கிற மாதிரி அடி அகலமான பை வந்தது. உள்ளே வெள்ளி நிறம், வெளியே எங்கள் ஆற்றங்கரைப் படம். பையின் உயரம் ஐநூறு கிராமுக்கு என்றே அளந்து செய்தது. மேலே இரண்டு விரற்கடை காலியாக இருக்க வேண்டும், அங்கேதான் சீல். நான் போட்ட பிடி அந்த இரண்டு விரற்கடையில் போய் உட்கார்ந்தது. அன்றைக்கு எனக்கு அது தெரியாது. பை நன்றாக நிரம்பி நிற்கிறது என்றுதான் பார்த்தேன்.

முதல் சரக்கு லாரியில் ஏறிய நாள் மறக்காது. முதலாளி சாமி படத்துக்குச் சூடம் காட்டினார். கேசரி வந்தது. சலிக்கிற அக்கா அட்டைப்பெட்டிகளைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாள், "நம்ம மாவு பாஸ்போர்ட் எடுத்துடுச்சு. நமக்கு இன்னும் ரேஷன் கார்டுலயே பேரு தப்பா இருக்கு."

"ஒன் பேர மாத்திக்க, கார்டை எதுக்கு மாத்துற?" என்றாள் சீல் போடும் பெண். எல்லோரும் சிரித்தோம். நானும் வாய்விட்டுச் சிரித்தேன்.

இந்தச் சரக்கு நன்றாகப் போனால் மாதம் ஒரு லோடு, வருடம் முழுக்க, என்று பாய் சொல்லியிருந்தார். போகாவிட்டால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

இரண்டு மாதம் கழித்து முதலாளியின் போனுக்குப் படங்கள் வந்தன. அவர் ஒவ்வொருவரிடமும் காட்டினார். எங்கள் ஆற்றங்கரைப் படத்துக்கு மேலே, சீல் போட்ட கோட்டில், சின்னச் சின்னப் பழுப்பு வண்டுகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. இன்னொரு படத்தில் மாவு கட்டி கட்டியாகப் பச்சைப் பூசணம் பிடித்திருந்தது. அங்கே கிடங்கில் ஈரக் காற்றாம். சீலில் காற்று போக வழி இருந்திருக்கிறது. எத்தனை பாக்கெட் கெட்டது, எத்தனை நன்றாக இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க முடியாது என்பதால் மொத்தத்தையும் அந்த நாட்டு அதிகாரிகள் அங்கேயே அழித்துவிடச் சொல்லிவிட்டார்கள். ஊறவைத்து, அரைத்து, வறுத்து, சலித்து, நான் அளந்த மாவு எங்கேயோ பெயர் தெரியாத இடத்தில் குழியில் கொட்டப்பட்டது.

முதலாளி அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சத்தம் போட்டார். சீல் மிஷின் பக்கத்தில் போய் நின்றார்.

"சூடு எவ்வளவு வெக்கச் சொன்னேன்?"

"நீங்க சொன்னதுதான் வச்சேன் சார்."

"அப்பறம் எப்படித் தொறந்துச்சு? தானாத் தொறந்துச்சா? போன் பேசிக்கிட்டே போடுறது, சிரிச்சுக்கிட்டே போடுறது. ஒன்னால பதினோரு பேரு சோறு போச்சு."

அவள் எதற்கும் பதில் வைத்திருப்பவள். அன்றைக்கு என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தாள். நான் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த இடத்தையே துடைத்தேன். அவள் சோற்று டப்பாவை எடுத்துக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி வெளியே போனாள். மறுவாரம் பிள்ளைகளைத் தாயிடம் விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாள் என்றார்கள்.

அப்போதுகூட எனக்குக் காரணம் தெரியும் என்று சொல்ல முடியாது. ஒரு சந்தேகம் இருந்தது. அவ்வளவுதான் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

பாய் நேரில் வந்தார். ஊரில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவர், கூத்தாநல்லூரிலிருந்து கார் பிடித்து யூனிட்டுக்கு வந்துவிட்டார். கோபப்படவில்லை. ஒரு வாளியில் தண்ணீர் கேட்டார். ஒவ்வொரு தடவை சரக்கு போடும்போதும் ஐந்து பாக்கெட்டை எடுத்து நாங்களே அலமாரியில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அந்த ஐந்தையும் கொண்டுவரச் சொன்னார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஒரு பாக்கெட்டைத் தண்ணீருக்குள் அமுக்கினார். சீல் கோட்டிலிருந்து முத்து முத்தாகக் குமிழி வந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் வரவில்லை. நாலாவதிலும் ஐந்தாவதிலும் வந்தது.

பிறகு ஒரு பாக்கெட்டைத் துடைத்து, சீலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மிஷின் சரியாத்தான் ஒட்டியிருக்கு தம்பி. நடுவுல மாவு மாட்டிக்கிட்டிருக்கு. மாவு மேல சீல் எப்படிப் பிடிக்கும்?" என்று கத்தரியால் வெட்டி, மாவைத் தட்டில் கொட்டி, என் தராசில் வைத்தார். ஐநூற்றுப் பதினெட்டு. அடுத்தது ஐநூற்று இருபத்தொன்று. அடுத்த இரண்டும் பதினாறு, பதினேழு. குமிழி வராததில் மட்டும் ஐநூற்று ஐந்து.

பாய் தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார். "கொறைச்சுப் போட்டு ஏமாத்துறவன எல்லா நாட்டுலயும் பாத்திருக்கேன். கூடப் போட்டுக் கெடுக்கிறவன இப்பதான் பாக்குறேன்."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "அக்கா, தராசு சரியாத்தானே காட்டுச்சு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நாற்காலியிலிருந்து எழுந்து நின்றேன். "சரியாத்தான்..." என்று ஆரம்பித்தேன். "கரண்டு கூடக் கொறைய வரும்போது கொஞ்சம் ஆடும்" என்று முடித்தேன்.

ஆடாது. அந்தத் தராசு ஒருநாளும் ஆடியதில்லை. கேட்டவர்கள் யாரும் அதைச் சந்தேகப்படவும் இல்லை. நான் பொய் சொல்கிறவள் இல்லை என்று எல்லோருக்கும் நினைப்பு. அதிகம் பேசாதவளைப் பற்றி அப்படித்தான் நினைக்கிறார்கள்.

பாய் போகும்போது சொன்னது வாசலில் நின்ற என் காதில் விழுந்தது. "தம்பி, நான் ஒங்களை விட்டுப் போகலை. ஆனா காரணம் தெரியணும். தராசுன்னா தராசு, ஆளுன்னா ஆளு. இதுதான் காரணம், இதைச் சரி பண்ணிட்டேன்னு ஒரு பேப்பர்ல எழுதி அனுப்புங்க. அதை அங்க நான் அதிகாரிங்ககிட்ட காட்டணும். இல்லேன்னா கடையில ஒங்களுக்கு வச்ச அலமாரியக் காலியா வச்சிருக்க முடியாது. மாசக் கடைசி வரைக்கும் பாக்குறேன்."

மாசக் கடைசிக்கு இருபது நாள் இருந்தது.

முதலாளி தராசைக் கும்பகோணத்துக்கு எடுத்துப் போனார். எடைக்கு முத்திரை போடும் அலுவலகத்தில் சோதித்துச் சரியாக இருக்கிறது என்று சீட்டு கொடுத்தார்கள். மிஷின்காரரை வரவழைத்து சீல் மிஷினைப் பிரித்துப் பார்த்தார். அதுவும் சரி. மின்சாரத்துக்கு ஒரு கருவி வாங்கி மாட்டினார். பிறகு என்னை உட்காரவைத்து நூறு பாக்கெட் நிறுக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று பார்த்தார். அவர் நிற்கும்போது என் இடது கை மடியிலேயே கிடந்தது. நூறு பாக்கெட்டும் ஐநூற்று இரண்டு. குமிழியே வரவில்லை.

"இப்ப எல்லாம் சரியா இருக்கு. அப்ப எப்படித் தப்பாச்சு? என்னன்னு எழுதுவேன்?" என்று தலையைப் பிடித்துக்கொண்டார். என்னிடம்தான் கேட்டார். வேறு யாரிடமும் அவர் அப்படிப் பேச மாட்டார்.

சொல்லிவிட வேண்டும் என்று தினமும் கிளம்புவேன். வாய்க்கால் மதகு வரைக்கும் வாசகத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போவேன். 'நான்தான் கூடப் போட்டேன்.' நாலு வார்த்தைகூட இல்லை. யூனிட் வாசலில் செருப்பை விட்டதும் வாசகம் போய்விடும். ஒருநாள் டீ கொண்டுபோய் அவர் மேசையில் வைத்துவிட்டு நின்றேன்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. சக்கரை போதுமா?"

"போதும்க்கா."

சொன்னால் ஏன் போட்டாய் என்று கேட்பார். கேட்டால் களத்தைச் சொல்ல வேண்டும். குச்சி வழிக்கிற சத்தத்தைச் சொல்ல வேண்டும். குச்சி பிடித்தவர் அவருடைய அப்பா. என்னை அக்கா என்று கூப்பிட்டு நாற்காலி போட்டவரிடம் அதை எப்படிச் சொல்வது? சொல்லாமல் வெறுமனே 'பழக்கம்' என்றால் அது காரணம் ஆகுமா? எழுதி அனுப்புகிற பேப்பரில் அதை எப்படி எழுதுவார்? இதையெல்லாம் இப்போது யோசித்துச் சொல்கிறேன். அப்போது பயம்தான் இருந்தது. நாற்காலி போய்விடும் என்ற பயம்.

மாதக் கடைசி வந்து போனது. அதற்குப் பிறகும் ஒரு வாரம் சும்மா போய் உட்கார்ந்தோம். அரிசி ஊறவைக்கவில்லை. தரையைக் கழுவினோம், ஜன்னல் வலையைக் கழுவினோம். சலிக்கிற அக்கா, "இன்னும் கழுவினா டைல்ஸு தேஞ்சிடும்டி" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு, இனி வர வேண்டாம் என்று சொன்னார். வறுக்கும் மிஷினை ஒரு சேமியாக் கம்பெனி எடுத்துக்கொள்கிறதாம். மற்றவர்கள் அழுதுகொண்டே போனார்கள். நான் போகவில்லை. அவர் என்ன என்பது போலப் பார்த்தார்.

"தராசு ஆடலங்க. நான்தான் கூடப் போட்டேன்."

"என்னது?"

"நிறுத்தப்பறம் ஒரு பிடி போடுவேன். எல்லாத்துலயும். அந்தப் பொண்ணு அப்பவே சொல்லுச்சு, சீல் போட எடமில்லன்னு. நான்தான் கேக்கல."

"எதுக்குக்கா?"

நான் தரையைப் பார்த்தேன். "கொறைவா இருக்கக் கூடாதுன்னு."

"அன்னிக்குக் கேட்டேனே. பாய் முன்னாடி வச்சுக் கேட்டேனே."

அவர் போனை எடுத்து பாயைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டார், நானும் கேட்கட்டும் என்றோ என்னவோ. விஷயத்தைச் சொன்னார். மறுபக்கம் பாய் சிரிக்கிற மாதிரி ஒரு மூச்சு விட்டார்.

"அட அல்லாவே. இவ்வளவுதானா? இதை அந்த மாசத்துக்குள்ள சொல்லியிருந்தா அதையே பேப்பர்ல எழுதிக் காட்டியிருப்பேனே தம்பி. கூடப் போட்டுட்டாங்க, இனிமே போட மாட்டாங்கன்னு. அங்க இருக்கிறவனுக்கும் அம்மா இருக்கா, புரிஞ்சிருக்கும்."

"இப்ப முடியாதா பாய்?"

"எடம் போயிடுச்சே. வியட்நாம்காரன் அடுக்கிட்டான். ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டாச்சு. இப்ப சிவப்பரிசி மாவே அவனும் போடுறான். நம்ம மாவு மாதிரி இல்ல. ஆனா ஜனங்க பழகிடுவாங்க தம்பி, ருசி மறந்துடும்." கொஞ்சம் நிறுத்தி, "அந்த அம்மாவ ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார்.

முதலாளி போனை வைத்தார். அந்தப் பெண்ணின் நம்பர் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அங்கேயே கூப்பிட்டார். மிஷின் சத்தத்துக்கு நடுவே அவள் குரல் வந்தது. ஒன்மேல தப்பு இல்லம்மா, என்று அவர் ஆரம்பித்தார். "தெரியும் சார்" என்றாள். "சூப்பர்வைசர் பாக்குறாரு, வெக்கட்டுமா?" என்று கேட்டு வைத்துவிட்டாள். நான் பக்கத்தில் இருப்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்தாலும் என்னிடம் பேசியிருப்பாளோ என்னவோ.

"சரி, போங்க" என்றார் முதலாளி.

வெளியே வந்தேன். வாய்க்காலில் தண்ணீர் முழங்காலுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் மிஷின் நட்ட பயிர் கோடு போட்ட மாதிரி நேராக நின்றது. நிலத்தில் ஆள் ஒருவரும் இல்லை. பாய் சொன்னது சரிதானா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. நான் அன்றைக்கே சொல்லியிருந்தாலும் விலையில் தோற்றிருப்போம், அடுத்த வருடமோ அதற்கு அடுத்த வருடமோ போயிருக்கும் என்று என் அண்ணன் மகன் சொல்கிறான். படித்தவன். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கும். அப்படிப் போயிருந்தால் அது வேறு யாராலோ போயிருக்கும்.

மறுநாள் காலையில் லாரி வந்து வறுக்கும் மிஷினை ஏற்றிக்கொண்டு போனது. நான் நூறு நாள் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போனேன். கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை. திங்கட்கிழமை வரச் சொன்னார்கள்.